மூன்று சாக்கு டியூப்லைட்

24.9.2025, புதன்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலை. குப்பை அகற்றும் செலவைப் பாதியாக்கியிருக்கிறார்கள். அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் உறை எல்லாவற்றையும் அமுக்கிக் கட்டுகிற பிரஸ் ஒன்றை வாங்கியதுதான் காரணம். மாதம் ஒன்பது லாரி போன இடத்தில் இப்போது நான்கு. நுழைவாயில் பதிவேட்டில் நானே எண்ணினேன். நிர்வாக மேலாளர் நியாஸ், பழவேற்காட்டுக்காரர், பிரஸ்ஸுக்கு மேலே எழுதி ஒட்டியிருக்கிறார்: ‘எதுவும் முழுசாக வெளியே போகக் கூடாது.’

பிரஸ்ஸை ஓட்டுவது துப்புரவு மேற்பார்வையாளர் ஜோதிலட்சுமியும் அவருக்குக் கீழே வேலை பார்க்கும் ஐந்து பெண்களும். “மொதல்ல பேஜாரா இருந்துச்சு சார். இப்போ ஊட்ல பால் கவரைக்கூட மடிக்காம போட மனசு வர்ல” என்றார்.

பத்திரிகைக்கு நல்ல கட்டுரை வரும்.

30.9, செவ்வாய்

நாளை ஆயுத பூஜை. ஆலையைக் கழுவி, பழைய டியூப்லைட்டுகளை இறக்கிவிட்டு எல்இடி மாட்டுகிறார்கள். இறக்கியவை 140. மறுசுழற்சி நிறுவனத்தின் வண்டி சனிக்கிழமை வருகிறது. கட்டுரையை அதோடு முடிக்கலாம்.

4.10, சனி

வண்டி வந்தது. காலியாகத் திரும்பியது.

டியூப்கள் மூன்று சாக்கில் இருந்தன, தூளாக. பூஜைக்கு முன்னால் பெண்கள் முகத்தில் துணி கட்டிக்கொண்டு கம்பியால் உடைத்து, மூட்டை கட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே பாதரசம் இருக்கிறது, உடைந்தால் காற்றில் கலக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. வண்டியோடு வந்த சாலமோன் சாக்கைப் பார்த்ததும் பின்வாங்கினார். “முழு டியூப்தான் எடுப்போம். இன்னா நைனா இது, இடிச்சு மாவாக்கி வச்சிக்கிறீங்க?” உடைந்ததை அபாயக் கழிவாகத் தனியே அனுப்ப வேண்டும். செலவும் அதிகம்.

“நீங்கதான சார் எழுதி ஒட்னீங்க?” என்று மட்டும் நியாஸிடம் கேட்டார் ஜோதிலட்சுமி.

பிறகு நியாஸ் என்னைத் தனியே அழைத்தார். “திங்கள்லேர்ந்து அவங்க ஆறு பேரையும் நிறுத்திடறேன் சார். நீங்க பிரஸ் மேட்டரை மட்டும் போடுங்க.”

5.10, ஞாயிறு

அந்த வாசகத்தை நானும்தான் நின்று படித்தேன், குறித்துக்கொண்டேன். முப்பத்தொரு வருஷம் செய்தி எழுதியவனுக்கு அப்போது ஏன் உறைக்கவில்லை?

எழுதாமல் விட்டால் அந்த அம்மாவுக்கு நல்லதா? இல்லை. அவர் வேலை போவதற்குப் பத்திரிகை தேவையில்லை. எழுதினால்தான் யார் சொல்லி உடைத்தார்கள் என்பது வெளியே வரும்.

எழுதி முடித்து நியாஸுக்குப் போனில் படித்துக் காட்டினேன்.

“எம்பேரு வருதா?”

“வருது. அறிவிப்பு உங்களுது.”

“அவங்க பேரு?”

“பிரஸ் ஓட்ற இடத்துல வருது. உடைச்ச இடத்துல இல்ல.”

அந்த இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். “போட்டுக்கங்க சார்.”

6.10, திங்கள்

வாயிற்காவலரிடம் விசாரித்தேன். ஆறு பேரும் உள்ளே போயிருக்கிறார்கள். மாலைவரை இருப்பார்களா — தெரியாது.

9.10, வியாழன்

கட்டுரை வந்துவிட்டது. ஒரு வரிகூட வெட்டவில்லை. நியாஸ் யாரையும் நிறுத்தவில்லை; அந்த ஆறு பேரையும் மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருந்தார். பயப்பட ஒன்றுமில்லையாம்.

11.12, வியாழன்

வேறு வேலையாகப் போனவன் எட்டிப் பார்த்தேன். கேன்டீனில் மீதியிருந்த டியூப்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் அட்டை உறை. நியாஸ் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனில் பேசியபடி வந்தார்.

“போனை வச்சிட்டு ரெண்டு கையால புடி சார்” என்றார் ஜோதிலட்சுமி. “ஒடைஞ்சா நானில்ல பதில் சொல்லணும்?”

நியாஸ் போனை வைத்தார்.