நீ நின்றாய், நான் விழுந்தேன்

இன்று ஆராதனையில் முன்வரிசையில் யாரோ தைலம் தேய்த்திருந்தார்கள். ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்த என் வாய் அப்படியே நின்றுவிட்டது. மலாக்காவில், பத்து பெரண்டாம் வட்டாரத் தொழிற்சாலையில் என் பக்கத்தில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு, முழங்காலில் தைலத்தோடு சபைக்கு வருகிறவள் நீ ஒருத்திதான். தேவதூதர்கள்கூடத் தும்முவார்கள் என்று கேலி செய்வேன். "தும்முனா தும்மட்டும் லா, கிட்ட வந்தா போதும்" என்பாய்.

உனக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். பாட்டு இருக்கிறது, பிரசங்கம் இருக்கிறது, ஆண்டவரைத்தான் காணோம் என்று பஸ்ஸில் முனகிக்கொண்டே வருவாய். எனக்கும் அதே குறைதான். நான் வெளியே சொன்னதில்லை.

அன்று வெள்ளிக்கிழமை காத்திருப்பு ஜெபம். சபை கூடும் கடைவீட்டு மாடியில் பாஸ்டர் ஒவ்வொருவர் தலையிலும் கைவைத்துக்கொண்டே வந்தார். ஆவியானவர் தொட்டு ஒவ்வொருவராகச் சரிந்தார்கள். தாங்கிப் பிடிக்கப் பின்னால் ஒரு சகோதரி, விழுந்தவர்களின் கால்மேல் போர்த்தத் துணியோடு இன்னொருத்தி. என் முறை வந்தது. தலையில் கை இருந்தது, அதற்குமேல் ஒன்றுமில்லை. ஏர்கோன் சத்தம்தான் கேட்டது. துணியோடு நின்றவள் எனக்காகக் காத்திருந்தாள். அவளுக்காக விழுந்தேன் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்தது நீ. இரண்டு முறை கைவைத்தும் நீ விழவில்லை. கண்ணீர் வழிய நின்றுகொண்டே இருந்தாய். தரையில் கிடந்தபடி ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். அதோடு விட்டேனா? சாட்சி சொல்லக் கூப்பிட்டதும், தலையிலிருந்து கால்வரை சூடாக ஏதோ இறங்கியது என்று மைக்கில் சொன்னேன். எல்லாரையும்விட நீதான் பலமாகக் கைதட்டினாய்.

அதன்பிறகு வெள்ளிதோறும் உபவாசம் இருந்தாய். அந்தச் சூடு எப்படி இருந்தது, சுடுதண்ணீர் மாதிரியா, காய்ச்சல் மாதிரியா என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். நானும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன்.

நோய் முற்றி, மலாக்கா ஆஸ்பத்திரியில் நீ எலும்பும் தோலுமாகக் கிடந்தபோது என் கையைப் பிடித்தாய். "உன்னத் தொட்டவரு என்னைய ஏன்டி தொடல? என்கிட்ட என்னா குறை?"

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். "வருவாருடி, பொறுமையா இரு" என்றேன். இரண்டு நாளில் நீ போய்விட்டாய்.

உன்னிடம் ஒரு குறையும் இல்லை. மற்றவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது. நம் இருவரில் அவருக்கு முன்னால் உண்மையாக நின்றவள் நீதான். இதைக் கேட்க நீ இல்லாதபோது எழுதுகிறேன், பார்.

இப்போதெல்லாம் நானும் விழுவதில்லை. விசுவாசத்தில் பின்வாங்கிப்போய்விட்டேன் என்று சபையில் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். என்னைத் தொடும் என்று அவரிடம் கேட்க எனக்கு வாய் கூசுகிறது. ஒவ்வொரு ஜெபத்திலும் ஒன்றை மட்டும் கேட்கிறேன்: ஆண்டவரே, கடைசி மூச்சில் அவளோடு இருந்தீரா? நான் நடித்தேன் என்று அவளிடம் சொல்லிவிட்டீரா?