அண்ணியின் சோதனை மேஜை

ஜூன் 10, 2024
இன்று முதல் எங்கள் ஷூ கம்பெனியின் தையல் லைனில் ‘லீன்’ முறை, அதாவது வீண் வேலையைக் குறைப்பது. சூப்பர்வைசர் ஆன பிறகு எனக்கு வந்த முதல் பெரிய வேலை இதுதான். மேனேஜர் சேரன் சார் சுருக்கமாகச் சொன்னார்: “ஷூவுக்கு ஒண்ணும் சேர்க்காத வேலை எல்லாம் வீண். உங்க லைன்ல எது வீண்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க.”

ஜூன் 12
நின்று பார்த்தேன். தோல் வெட்டும் இடத்தில்தான் வீண் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. லைனின் கடைசியில், சோதனை மேஜையில் குவியல். காலையில் தைத்ததைச் சாயங்காலம்தான் அங்கே கையில் எடுக்கிறார்கள். ஒரு மிஷினில் நூல் தளர்ந்தால், அது தெரிவதற்குள் அன்றைய தையல் முழுவதும் கெட்டுவிடுகிறது. பிரித்தாலும் ஊசி போன ஓட்டை தோலில் நிற்கும். பாதி குப்பைக்குத்தான்.

மேஜையில் இருப்பது அமலா அண்ணி. என் வீட்டுக்காரர் இருதயராஜின் அக்கா. என்னை இங்கே சேர்த்துவிட்டதும் அவர்தான்.

ஜூன் 13
இன்றும் போய்ப் பார்த்தேன். மேஜையில் அதே குவியல்.

ஜூன் 17
சாரிடம் சொன்னேன். ஒவ்வொருவரும் தனக்கு வரும் துண்டைப் பார்த்துவிட்டுத் தைக்கட்டும். பிழை இருந்தால் அப்போதே திருப்பிக் கொடுக்கட்டும். அப்படியானால் கடைசியில் மேஜை எதற்கு? அதையும் நானே சொன்னேன்.

“அந்தம்மாவ பேக்கிங்குக்கு மாத்திடலாம். யாரையும் வேலைய விட்டு அனுப்பப் போறதில்ல” என்றார்.

பேக்கிங்கில் நாள் முழுக்க நிற்க வேண்டும். விக்கிரவாண்டியில் வண்டியிலிருந்து விழுந்ததிலிருந்து அண்ணியின் வலது கால் வீங்கும். அதனால்தான் மிஷினை விட்டு மேஜைக்கு வந்தார். இதைச் சொன்னேன். “யோசிப்போம்” என்றார் சார்.

ஜூன் 18
வீட்டில் தெரிந்துவிட்டது. இருதயராஜ் தட்டைத் தள்ளி வைத்தார். “அக்கா உக்காந்துகினு வேலை செய்ற ஒரே எடம். அதுதான் உனக்கு வீணா தெரிஞ்சுதா? அக்காதானே உன்ன உள்ள இட்டுக்கினு போச்சு?”

குவியல் குவியல்தானே, யார் முன்னால் இருந்தால் என்ன? – எழுதும்போது சரியாக இருக்கிறது. அவர் எதிரில் தட்டை எடுத்துக் கழுவி வைத்ததோடு சரி.

ஜூன் 21
விழுப்புரத்திலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸில் அண்ணி முன்னால் உட்கார்ந்தார். நான் பின்னால்.

ஜூன் 24
நானே அண்ணியிடம் போனேன். “பேக்கிங் வேணாம்னு சார்கிட்ட சொல்லிக்கினு இருக்கேன் அண்ணி. மேஜைய எடுக்கறதுல கோவமா?”

கையிலிருந்த துண்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே பேசினார். “எடுத்துக்கினு போ. நான் ஒரு துண்ட தப்புன்னு தள்ளிட்டா ஒருத்திக்கு இன்சென்டிவ் காசு போவுது. அப்பறம் எவ எங்கூட குந்தி சாப்புடுவா? எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம சார்கிட்ட போன பாரு, அதுக்குத்தான் கோவம்.”

கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை? அழுவார் என்று நினைத்தேனா?

கொஞ்சம் கழித்து அவரே சொன்னார்: “மிஷின்ல தச்சவ நான். பெடலு வலது பக்கம் இருக்கு, அவ்ளோதான் பேஜாரு.”

ஜூன் 25
மெக்கானிக் புகழேந்தியிடம் பெடலை இடது காலுக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன். “ரெண்டு போல்ட்டுதான்க்கா. ஜல்தியா முடிச்சிர்றேன்” என்றான். சார், அண்ணி மிஷினில் உட்காரட்டும், கொஞ்ச நாள் பார்க்கலாம் என்றார்.

ஜூலை 1
மேஜையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஜூலை 4
அண்ணியின் தையல் கோணலாக வந்தது. அடுத்த மிஷினில் இருக்கும் கெங்கம்மாள் அதைத் திருப்பிக் கொடுத்தாள். “இன்னா அமலாக்கா, இப்போ நான் ஒன்ன தள்றேன்.” அண்ணி சிரித்துவிட்டார். லைனே சிரித்தது.

ஜூலை 20
தோல் குப்பைக்குப் போவது மிகவும் குறைந்துவிட்டது. எந்த மிஷினில் என்ன பிழை என்று போர்டில் எழுதுவது இனி என் வேலை; அதைப் பார்த்துத்தான் இன்சென்டிவ். சார் பாராட்டினார். இருதயராஜும் பழையபடி பேசுகிறார்.

ஆகஸ்ட் 2
மதியம் சாப்பிடப் போக நேரமாகிவிட்டது. அண்ணி நடுவில் உட்கார்ந்து எல்லோருக்கும் வேர்க்கடலை வறுத்து அரைத்த மல்லாட்டைத் துவையல் வைத்துக்கொண்டிருந்தார். ஏதோ பேசிப் பெரிய சிரிப்பு. நான் டிபன் பாக்ஸோடு போனதும் நின்றது.

“வா பிரியா, குந்து” என்று அண்ணி நகர்ந்து இடம் கொடுத்தார். எனக்கும் துவையல் வைத்தார். மற்றவர்கள் சோற்றைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். சீக்கிரமாகச் சாப்பிட்டு எழுந்துவிட்டேன். கை கழுவும்போது பின்னால் சிரிப்பு மறுபடி தொடங்கியது.