காகிதத்தின் மேல் கால்

மே 5, 2009

டிசைன் வகுப்பில் இன்று ஆளுக்கொரு தடித்த தாள். பசை கூடாது, ஒரு துண்டும் வீணாகக் கூடாது. மடித்து நிமிர்த்தி, கடைசியில் அதன்மேல் நாமே ஏறி நிற்க வேண்டும். அதுதான் பரீட்சை. ஜெர்மனியில் பௌஹவுஸ் என்ற பள்ளியில் இப்படித்தான் தொடங்கினார்களாம். "பழகியதை எல்லாம் மறந்துவிடுங்கள். தன்னால் என்ன முடியும் என்று தாளிடமே கேளுங்கள்" என்றார் ஆசிரியை ஹெலன்.

எல்லோரும் சிரித்துக்கொண்டு சப்பாத்தோடு ஏறினார்கள். என் கால் எழும்பவில்லை. கடதாசியில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றி வளர்ந்தவள் நான், அது சரஸ்வதி. இருபத்தாறு வயதில் இதை எந்த வாயால் விளக்குவது? கால் நோகிறது என்று சொல்லித் தப்பிவிட்டேன்.

இல்லாத கால் நோவைச் சொன்னதை வீட்டுக்கு வந்து சொன்னால் அதற்கும் ஏச்சு. "வராத வருத்தத்தை வாயால கூப்பிடாதை பிள்ளை" என்றார் அம்மா.

மே 8

தம்பி ஜனார்த்தன் போர் நடக்கும் வன்னியிலிருந்து கடைசியாகப் பேசியது மார்ச்சில். இன்றும் போன் இல்லை.

மே 11

நேற்று, நாங்கள் குடியேறிய இந்த நகரின் கார்டினர் ஹைவேயில் ஏறி, மறித்து உட்கார்ந்துவிட்டோம். குழந்தை குட்டிகளோடு ஆயிரக்கணக்கான சனம், முன்னால் பொலிஸ். 'போரை நிறுத்து' தாள்கள் காலடியில் மிதிபட்டன. நான் குனிந்து பொறுக்கத் தொடங்கினேன். கூட வந்த சிநேகிதி ரதி கத்தினாள்: "உதைப் பொறுக்கவோ இஞ்ச வந்தனி? அங்க சனம் சாகுது!"

சரிதான். ஆனால் அந்தத் தாள்களில் செத்தவர்களின் படங்கள் — அதையும் மிதிக்கவா?

மே 14

அந்தப் பௌஹவுஸ் பள்ளியை நாஜிகளின் நெருக்குதலில் 1933இல் மூடினார்கள் என்றார் ஹெலன். ஆசிரியர்கள் நாடு நாடாகச் சிதறினார்கள். அவர்களோடுதான் இந்தத் தாள் பயிற்சியும் கடல் கடந்ததாம். இது துரத்தப்பட்டவர்களின் பாடம் என்று முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா? அவர்மேல் எனக்கு ஏன் இவ்வளவு கோபம்?

மடித்த இடம்தான் பலம் என்கிறார். வன்னிக்குப் போய்ச் சொல்லட்டும்.

ஆனாலும் மடிக்கிறேன். கை சும்மா இருந்தால் போனைத்தான் பார்க்கிறது.

மே 19

எல்லாம் முடிந்துவிட்டது என்கிறது ரேடியோ. அம்மா சமைக்கவில்லை. முடிந்ததென்றால் என் தம்பி எங்கே?

ஜூன் 3

ஜனா பேசினான்! முகாமில் யாரோ ஒருவரின் போனில்.

"அக்கா, நான்தான். இருக்கிறன்." பிறகு மெதுவாக: "இடது கால்... முழங்காலுக்குக் கீழ இல்லை. அம்மாட்டை இப்ப சொல்லாதேங்கோ."

அம்மா பக்கத்தில் நின்று என் கையை உலுக்குகிறார். "சுகமாமோ? சுகமாமோ?"

"ஓம்" என்றேன்.

கால் நோகிறது என்று சொன்னது இந்த வாய்தானே. அதற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை, தெரியும். மனம் கேட்டால்தானே.

ஜூன் 4

கடைசி வகுப்பு. சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறினேன். நிற்க இரண்டு கால் இருக்கிறது, நிற்காமல் என்ன பிடிவாதம்? தாள் லேசாக முனகியது, ஆனால் தாங்கியது. இறங்கியதும் கை தானாகவே அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றியது. பழகியதை மறக்கச் சொன்னார்கள், கைக்கு மறக்கத் தெரியவில்லை.

"கால் நோவு சுகமாகிவிட்டதா?" என்று கேட்டார் ஹெலன். பாவம், நினைவு வைத்திருக்கிறார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

வீடு இருக்கும் மில்லிக்கன் வரை பஸ்ஸில் அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். தம்பி சொல்லவேண்டாம் என்றதை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் அழவில்லை. கதிரையில் உட்கார்ந்து, தன் பாதங்களைப் பார்த்தார்.

"எந்தக் கால் பிள்ளை?" என்று கேட்டார்.