சிஸுருவின் தவளைகள்

அன்புள்ள சிஸுருவுக்கு,

குழந்தைக்குத் தலை நின்றுவிட்டதாக எழுதியிருந்தாய். மகிழ்ச்சி.

உன் தவளைகளைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். இரத்தக் குழாய்கள் பச்சையாக ஒளிரும்படி, மரபணுவை மாற்றி ஐந்து வருடம் பாடுபட்டு நீ உருவாக்கிய வம்சம். சென்ற மாதம் பேராசிரியர் தொகாவா என்னிடம், "சிஸுரு திரும்பி வருமாம்மா, வராதா?" என்று கேட்டார்.

"வராதாம் சென்செய். புள்ளையே போதும்னு எழுதிருச்சு," என்றேன்.

ஏப்ரலில் வருவதாக நீ எழுதிய கடிதம் அப்போது என் மேசை இழுப்பறையில் இருந்தது.

"அப்ப அந்தத் தொட்டியெல்லாம் எதுக்கு? காலி பண்ணிரு," என்றார்.

நானே செய்தேன். மயக்க மருந்து அளவு மீறிக் கலந்த நீரில் முப்பத்தொரு தவளைகளும் அடங்கின. கடைசித் தலைப்பிரட்டையை மட்டும் நுண்ணோக்கியில் வைத்தேன். அதன் வாலில் புதிதாகக் கிளைத்த குழாய் ஒன்று, பக்கத்துக் குழாயை நோக்கி வளர்ந்துகொண்டிருந்தது. தொடும்வரை படமெடுத்துவிட்டு, அதையும் அந்த நீரிலேயே விட்டேன். படங்கள் ஆய்விதழில் என் பெயரில் வெளிவருகின்றன.

விடுப்பில் போகும் நாளில் நீ சொன்னாயே, "உனக்கென்னடி, புள்ளைகுட்டித் தொல்லை இல்ல. என் தவளைங்களப் பாத்துக்கோ!" என்று. அதற்கு முந்தின வாரம்தான் எனக்கு மூன்றாவது முறையாகக் கரு கலைந்திருந்தது. அன்று எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன்.

இப்படிக்கு,
உன் பக்கத்து மேசைக்காரி