கிழக்கு மூலைத் தெங்கு

1950 ஜூன் 18
தெரிசனங்கோப்பில் பிரசங்கம். விவசாய இலாகா டெமான்ஸ்ட்ரேட்டர் பூதலிங்கம் பிள்ளை, அதாவது நான், மரத்தடியில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். கேட்டது ஏழு பேர், அதில் இரண்டு பேர் தூக்கம்.

மலைக்காடு செழித்திருப்பதால் அடி மண் கொழுத்துக் கிடக்கிறது என்று எண்ணாதீர்கள், என்றேன். அங்கே மண் மெலிசு. சத்தெல்லாம் மரத்திலும் உதிர்ந்த இலையிலும் இருக்கிறது. இலை மக்க மக்க வேர் அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. மரத்தை வெட்டினால் நாலு மழையில் எல்லாம் ஆற்றோடு போய்விடும். "அப்போ கடலுக்கில்லா போகும்?" என்றார் ஒருவர். கடலுக்குத்தான். அதில் சாளை மீன் வளரும். சாளைக் கழிவு நம் தெங்குக்கு உரமாக வரும். செத்தது எதுவும் வீண்போகாது என்று முடித்தேன். முடித்ததும் ஒருவரிடமும் விடைபெறாமல் கிளம்பிவிட்டேன்.

நாளையோடு ஒரு வருஷம்.

ஜூன் 19
எழுதித் தொலைக்கிறேன். வேறு யாரிடம் சொல்ல?

எங்கள் பிள்ளை பிறந்து பதினொரு நாள்தான் இருந்தான். அவன் போன அன்று பழையாற்றில் வெள்ளம். இடுகாட்டுக்குப் போக வழியில்லை. நானும் மைத்துனன் குலசேகரனும் வீட்டுக்குப் பின்னால் கிழக்கு மூலையில் குழி வெட்டினோம். நாய் தோண்டாமலிருக்க மேலே ஒரு தென்னம்பிள்ளை நட்டோம். "அக்காகிட்டச் சொல்லாதீங்க அத்தான். தெரிஞ்சா அவ அங்கயே கெடந்து செத்துப்போவா" என்றான். என் மனைவி தாணம்மாள் பிரசவ ஜன்னியில் கிடந்தாள். தெளிந்ததும் பிள்ளையை எங்கே வைத்தீர்கள் என்றுதான் முதலில் கேட்டாள். ஆற்றங்கரை இடுகாட்டில் என்றேன். வாய் கொஞ்சம்கூடக் கூசவில்லையே எனக்கு! அவளை அழைத்துப்போய், தோன்றிய ஓர் இடத்தைக் காட்டவும் செய்தேன். இன்று அங்கே பால் ஊற்றிவிட்டு வந்தாள்.

1951 ஜூலை 8
தெங்குகளுக்குத் தடம் எடுத்தேன். மரத்தின் அடிமூட்டைச் சுற்றி வட்டமாக மண்ணை வெட்டித் தள்ளி, தழை, சாம்பல், மீன் கழிவு போட்டு மூட வேண்டும். கூலிக்கு ஆள் விடுவதில்லை. காரணம் எனக்குத் தெரியும்.

மீன்காரி வியாகுலம்மாள் மணவாளக்குறிச்சியிலிருந்து சாளைக் கழிவு சுமந்து வந்தாள். "மூலைத் தெங்குக்கு வேண்டாமா பிள்ளைவாள்?"

"வேண்டாம்."

"அதுதானே எல்லாத்துலயும் நல்ல பச்சை. அப்பிடி என்னத்தப் போட்டீரு அதுக்கு?"

தாணம்மாள் பக்கத்தில்தான் நின்றாள். நான் கிணற்றடிக்குப் போய்க் காலைக் கழுவினேன். கழுவிக்கொண்டே இருந்தேன்.

1952 மார்ச் 2
தாணம்மாளுக்கு இந்தக் கர்ப்பமும் தங்கவில்லை. மூன்றாம் மாதம்.

1953 ஜூன் 19
தாணம்மாள் இந்த வருஷமும் ஆற்றங்கரைக்குப் போகவில்லை. கேட்டதற்கு, "காலு நோவுது" என்றாள். மறந்துவருகிறாளோ? மறந்தால் நல்லதுதானே. ஏன் எனக்குக் கோபம் வருகிறது?

1956 ஆகஸ்ட் 12
கிழக்கு மூலைத் தெங்கில் முதல் பாளை வெடித்துவிட்டது. ஏழே வருஷம். எலும்பில் இருக்கும் சத்து மெல்ல மெல்ல, வருஷக்கணக்கில் இறங்கும் என்று புத்தகத்தில் படித்தவன் நான். படிக்காமல் இருந்திருக்கலாம்.

அக்டோபர் 14
நவம்பர் ஒன்றில் நம் தாலுக்காக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்கின்றன. கேரளத்துக்கு வருகிறாயா என்று ஆபீசில் கேட்கிறார்கள். கொட்டாரக்கரையில் இன்ஸ்பெக்டர் வேலை. ஓடிவிடலாம். இந்தக் கொல்லைப்பக்கத்தைப் பார்க்காமல் ஒரு காலையாவது எழுந்திருக்கலாம்.

அக்டோபர் 20
வீட்டை வாங்க மரக்கடை சுந்தர்சிங் வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, "கெழக்கு மூலையில நிக்க தெங்க மூட்டோட தோண்டி எடுத்தா அங்க ஒரு தொழுவம் போடலாம்" என்றார். நான் தலையாட்டினேன். பாவி, தலையாட்டினேன்!

அக்டோபர் 21
சொல்லிவிட்டேன். இல்லை, சொல்லத் தொடங்கினேன்.

அடுக்களை வாசலில் தாணம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கிழக்கு மூலையில..."

"தெரியும்" என்றாள். கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"யார் சொன்னா? குலசேகரனா?"

"ஒருத்தரும் சொல்லண்டாம். வருஷா வருஷம் எல்லா மூட்டுக்கும் தடம் எடுக்கிய. பிள்ளை போன வருசம் நட்ட அந்த ஒரு மூட்டுல மட்டும் மம்பட்டி வைக்கல்ல. தெங்கு வளக்கிற வீட்டுல பொறந்தவளுக்கு இது புரியாதா? பெறகு ஆத்தங்கரைக்கு நான் எதுக்குப் போகணும்?"

ஐந்து வருஷமாகத் தெரியுமாம். நான் தூங்கும் மத்தியான நேரங்களில் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறாள். என் முகத்தைப் பார்த்துப் பார்த்து, இன்றைக்குச் சொல்வார், நாளைக்குச் சொல்வார் என்று இருந்திருக்கிறாள்.

"எங்கிட்ட மறைச்சதுகூடப் போவட்டும்" என்றாள். அதற்குப் பிறகுதான் குரல் உடைந்தது. "எல்லாத்துக்கும் அள்ளி அள்ளிப் போட்டியளே. எம் பிள்ளைக்கு மட்டும் ஏழு வருசமா ஒரு பிடி தழைகூடப் போடல்லியே..."

ஊர் ஊராக உரம் போடச் சொன்னவன் நான். அவள் முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

அக்டோபர் 24
கொட்டாரக்கரைக்கு வரவில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டேன். வீடு விற்பதற்கில்லை என்று சுந்தர்சிங்குக்கும் ஆள் அனுப்பியாயிற்று.

காலையில் இருவருமாகக் கிழக்கு மூலையில் மேல்மண்ணைக் கையாலேயே ஒதுக்கித் தழை போட்டோம். மண்ணை மூடும்போது அவள் குனிந்து ஏதோ பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அவளாக வைத்த பேர். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. என்ன பேர் என்று கேட்டேன். அவள் சொல்லவில்லை.