அடக்காத இருமல்

9-3-1983, புதன்

சுகாதார நர்சாக ஊர் ஊராகப் போய் நுரையீரல் நோயைப் பற்றிப் பேசுகிறேன். "யாருக்கெல்லாம் இருமல்?" என்று கேட்டால் ஒரு கையும் உயராது. இருமல் என்றாலே காசநோய்தான் என்று பயம்.

இன்று திருமுக்கூடலிலும் அதே மௌனம். கடுப்பில், காட்டிப் பேசிய விளக்கப் படங்களைச் சுருட்டினேன். அப்போது முனியம்மா எழுந்தாள். போன வாரம் சளிப் பரிசோதனைக்கு நான் இழுத்துப்போனவள்.

"எனக்குக் காசம் இல்லியாம். அடுப்புப் பொகைதான் நெஞ்சக் கெடுத்துகீது. பொண்ணு கல்யாணம் நின்னுடுமோன்னு ரெண்டு வருசமா அடக்கிக்கினு இருந்தேன்" என்றாள். பிறகு ஆசைதீர இருமினாள்.

பின்வரிசையில் ஒருத்தி இருமினாள். அடுத்து இன்னொருத்தி. கூட்டமே இருமியது. பரிசோதனைக்கு ஒன்பது பேர் பெயர் கொடுத்தார்கள்.

எங்கள் வீட்டிலும் விறகடுப்புதான். திரும்பும்போது பஸ்ஸில் நானும் அடக்காமல் இருமினேன். பத்தாவது பெயரை இப்போதுதான் எழுதினேன். என்னுடையது.