ஜோடி சேராத செருப்பு

அம்மா, நான் சுகமா இருக்கேன். நீ மாத்திரையை வேளைக்குப் போடுறியா?

அப்பா போன துக்கம் ஆறுறதுக்குள்ள என்னைப் போட்டிக்குக் கிளப்பி அனுப்பினியே, நேத்து ஓடிட்டேன். மூணாவது இடம்! ஓடி முடிச்சதும் பழக்கத்துல கண்ணு அப்பாவைத்தான் தேடுச்சு. என் செருப்பை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நிப்பாரே, அதே மாதிரி என் அறையில தங்கியிருக்கிற குண்டு எறியிற அக்கா நின்னாங்க. அதுல ஒண்ணுதான் என்னோடது. இன்னொண்ணு அவசரத்துல எடுத்த அவங்களோட படகு மாதிரி செருப்பு! சிரிச்சுக்கிட்டே அழுதேன்.

நீதான் அவங்களுக்குப் போன் பண்ணி, அப்பா மாதிரி செருப்போட நிக்கச் சொன்னியாமே. அத்தனை அழுகைக்கு நடுவுல உனக்கு எப்படிம்மா தோணுச்சு?

அப்பாவோட துண்டு ஒண்ணு அனுப்பி வை. துவைக்காதே.

மைதானத்துக்கு வண்டி வந்துடுச்சு. பதக்கத்தை அப்பா படத்துல மாட்டணும்னு ஆணி தேடாதே. அது உன் கழுத்துக்கு.

உன் மக